கொடியில் காய்ந்த மணிநேரம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக் கணக்கிலும் பள்ளிச் சான்றிதழிலும் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘நிமிஷம்’தான். சாப்பிடக் கூப்பிட்டால் “ஒரு நிமிஷம்”. வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து நின்றால் “ஒரு நிமிஷம்”. ஒருமுறை அடுப்பில் பால் பொங்கி வழிந்து வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை அடித்தபோதும் முன்னறையிலிருந்து அதே குரல், அதே “ஒரு நிமிஷம்”. மாமியார் அன்றைக்குத்தான் அந்தப் பெயரைச் சூட்டினார். பிறகு கணவர் பிடித்துக்கொண்டார், மாடி வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கூரியர்காரர்கூடக் கதவைத் தட்டி, “நிமிஷம் அக்கா, ஒரு கையெழுத்து” என்று கேட்க ஆரம்பித்தார்.

அவள் வேலை பொருட்களுக்குச் சட்டை தைப்பது. துணிச் சட்டை இல்லை, காகிதச் சட்டை. சோப்பின் உறை, மாத்திரை டப்பா, பிஸ்கட் பொட்டலம், இவற்றின் மேல் என்ன நிறம், என்ன எழுத்து, எந்த மூலையில் விலை என்று கணினியில் வரைந்து கொடுப்பாள். கடையில் ஒரு சோப்பைக் கையில் எடுக்கும்போது உறையில் இருக்கும் நுரையை யார் வரைந்தார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, நிமிஷத்துக்கு அதில் வருத்தமில்லை. அந்த நுரைக்குக் காசு கொடுக்க வேண்டியவர்களும் யோசிப்பதில்லை என்பதில்தான் வருத்தம்.

முன்பு ஒரு அட்டைப்பெட்டி நிறுவனத்தில் ஆறு வருடம் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தாள். கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே அவள் மேசை. யார் உள்ளே போனாலும் வந்தாலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் வரைந்த பெட்டிக்கு ஒரு பரிசு கிடைத்தது. மேலாளர் மேடையேறி அதை வாங்கிக்கொண்டார், படமும் எடுத்துக்கொண்டார், நிமிஷம் கீழே நின்று கை தட்டினாள். அன்று சாயங்காலமே வேலையை விட்டாள். “இனிமே என் கால்ல நான் நிப்பேன்” என்று கணவரிடம் சொன்னாள். நின்றாள். மூன்று வருடம் நின்றதில் கால் வலித்ததுதான் மிச்சம்.

வேலைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. காலையில் உட்கார்ந்தால் முதுகு விண்ணென்று தெறிக்கும்வரை வேலை இருந்தது. போன் ஓயாது. ஆனால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைத் திறந்தால் எல்லாம் ஆற்றில் கரைத்த புளி. எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. கணக்குப் பார்க்கப் பயம் வேறு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று ஊரே சொல்லும்போது, மிஞ்சாத உழக்கை எதற்குப் போய் அளந்து பார்ப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

கணவர் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். அதட்டத் தெரியாத மனிதர். வாடகை ஏறியதிலிருந்து காலை ஷிப்ட் முடிந்ததும் வேறொரு கடையில் மாலை ஷிப்ட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் காலாலேயே உதறித் தள்ளுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

“உன் பழைய மேனேஜர் கடைக்கு வந்தார். பிரஷர் மாத்திரை வாங்க.”

“ஏறட்டும்” என்றாள் நிமிஷம்.

“உன் சீட் இப்ப மறுபடி காலியா இருக்காம். வந்தா எடுத்துக்கறேன்னார்.” அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நான் போன்னு சொல்லல. மூணு மாசம் பாரு. அந்தச் சம்பளம் அளவுக்கு இதுல வந்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன். வரலேன்னா போயிடு. நானும் எத்தனை நாள் ரெண்டு ஷிப்ட் ஓட்டறது, சொல்லு?”

அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். நியாயத்தைச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? “சரி” என்றாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தக் கழிவறைக் கதவை நினைத்தாள். திறக்கும், மூடும், திறக்கும்.

அவளுடைய வாடிக்கையாளர்களில் பெரியவர் ஒரு சோப்புக் கம்பெனி முதலாளி. வரும் பணத்தில் ஏறக்குறைய பாதி அவரிடமிருந்துதான். நல்ல மனிதர், அவர் சோப்பைப் போலவே மணப்பார், வழுக்குவார். முதல் நாளிலிருந்தே அவளைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார். இந்தத் தங்கச்சி என்ற சொல் இருக்கிறதே, அது லேசுப்பட்டதில்லை. ‘மேடம்’ என்று கூப்பிடுகிறவரிடம் கூசாமல் பில் நீட்டலாம். ‘தங்கச்சி, ஒரு சின்ன மாற்றம்’ என்கிறவரிடம் எப்படி நீட்டுவது? அப்படிக் கேட்ட ‘சின்ன’ மாற்றங்களை அடுக்கினால் மாடிவரை வரும். நீலத்தைக் கொஞ்சம் நீலமாக்க வேண்டும். நுரை சிரிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அவர் மனைவிக்குப் பச்சை பிடிக்கும், ஆகவே பச்சை. மனைவியோடு சண்டை, ஆகவே மறுபடி நீலம்.

அந்த ஞாயிறு கழிந்த இரண்டாம் நாள் நிமிஷம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப், தோளில் ஈரப் போர்வை. போன் அடித்தது.

“தங்கச்சி, ஒரே ஒரு சின்ன மாத்தம்தான். ஒரு நிமிஷ வேலை.”

கிளிப்பைக் கடித்தபடியே “ம்ம்” என்றாள். போர்வையை வாளியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். எழுத்தை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினாள். இப்போது வலப்பக்கம் காலியாகத் தெரிகிறதே என்றார். அங்கே ஒரு பூ வைத்தாள். பூ வாடினது போல் இருக்கிறதே என்றார். கடைசியில், “முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு தங்கச்சி, அதையே வெச்சுடு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மாடிக்குத் திரும்பிப் போனபோது வெயில் கொடியைத் தாண்டி அடுத்த வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது. வாளியில் இருந்த துணி முறுக்கினது முறுக்கினபடி கிடந்து, ஒரு புழுங்கல் நாற்றம் அடித்தது. எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஒரு சிவப்புக் கிளிப் இருந்தது. அதை அப்படியே கீழே கொண்டு வந்து, முன்னறை ஜன்னல் திரைக் கயிற்றில் நறுக்கென்று மாட்டினாள்.

“இது அந்த ஆள் இன்னிக்குத் தின்ன நேரம்” என்றாள் சுவரைப் பார்த்து. “நாளைக்கும் தின்னட்டும், எவ்வளவு தின்றார்னு பாப்போம்.”

கணக்கு வைக்க அவள் முன்பு முயன்றதே இல்லை என்று நினைக்க வேண்டாம். போனில் ஒரு செயலி போட்டுப் பார்த்தாள். ஆரம்பிக்கும்போது அழுத்த வேண்டும், முடிக்கும்போது அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் அழுத்தியவள் முடிவில் மறந்துவிட்டாள். ஒரு சனி ஞாயிறு முழுக்க, தூங்கினது, உறவினர் கல்யாணத்துக்குப் போனது எல்லாம் சேர்த்து, அவள் இன்னொரு வாடிக்கையாளரான பல் டாக்டருக்காக உழைத்ததாக அது சொன்னது. நோட்டும் போட்டாள். முதல் பக்கம் முத்து முத்தான கையெழுத்து, இரண்டாம் பக்கத்தில் பால் கணக்கு, மூன்றாம் பக்கத்தை மாமியார் கிழித்து அலமாரியில் விரித்துவிட்டார். மூடி வைக்கிற எதுவும் இவளுக்கு உதவாது. எதிரே தொங்க வேண்டும், திரும்பினால் மூக்கில் இடிக்க வேண்டும்.

ஆகவே முன்னறைச் சுவரில், ஜன்னல் கம்பியிலிருந்து கதவருகே இருந்த ஆணிவரை, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று கயிறு கட்டினாள். எது யாருடையது என்று தெரிய, கதவோர முனையில் அவரவர் பொருளின் உறையையோ அட்டையையோ குத்தி வைத்தாள். கதவு திறந்திருந்தால் அந்த முனைகள் அதன் பின்னால் மறைந்துவிடும். சமையலறையில் சும்மா கிடந்த டைமரை மேசைக்குக் கொண்டு வந்தாள். அரை மணி நேரத்துக்குத் திருகி வைப்பாள். அது கிணுகிணுத்ததும் யார் வேலையில் இருக்கிறாளோ அவர் கயிற்றில் ஒரு கிளிப். பேசி ஒப்புக்கொண்ட வேலை என்றால் பச்சை. அதற்கு மேல் வாங்கினால் சிவப்பு. தன் தப்பைத் தானே திருத்த ஆன நேரம் என்றால் வெள்ளை. சின்னச் சின்னப் போன்களுக்கு அரை மணி போடுவது அநியாயம் என்று, மூன்று போன் வந்தால் ஒரு கிளிப் என்று வைத்துக்கொண்டாள்.

செலவுக்கும் அதே கயிறுதான். மாதிரி அச்சுப் போட்ட ரசீது, கூரியர் ரசீது, பஸ் டிக்கெட், எது யாருக்காக ஆனதோ அவர் கிளிப்பின் வாயில் போய்விடும். ரசீது தராத இடத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செருகுவாள். கரண்ட், இன்டர்நெட் மாதிரி எல்லோருக்கும் பொதுவானதற்குத் தனியாக ஒரு கயிறு. முன்பெல்லாம் இந்த ரசீதுகள் கைப்பையின் அடியில் கிடந்து மை அழிந்து, கடைசியில் மூக்குத் துடைக்கப் பயன்பட்டன. சனிக்கிழமை சாயங்காலம் கயிறு கயிறாக எண்ணி, மொத்தத்தை ஒரு சீட்டில் எழுதி மாட்டிவிட்டுக் கிளிப்புகளைக் கூடையில் போடுவாள். சிவப்பை மட்டும் எடுப்பதில்லை. பில் போய்ப் பணம் வரும்வரை அவை தொங்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

மாமியார் இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, மூளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?” என்று ஒரு தடவை கேட்டார். “இல்ல அத்தை, இப்பதான் வேலை செய்யுது” என்றாள் நிமிஷம்.

முதல் சனிக்கிழமையே வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அவள் மாதிரி அச்சு வாங்க வெளியே போயிருந்தாள். திரும்பி வந்து எண்ண உட்கார்ந்தால், இரண்டு கயிறுகள் மொட்டையாக இருந்தன. ரசீதுகள் மேசைமேல் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மாடிக்கு ஓடினாள். காற்றில் போர்வைகள் படபடத்தன, பச்சையும் வெள்ளையுமாகக் கிளிப்புகள்.

“அத்தை! என்ன பண்ணிட்டீங்க? பல் டாக்டரோட ஒரு வாரம் உங்க போர்வையில தொங்குது!”

“காத்து அடிச்சுதும்மா. போர்வை பறந்து போயிருந்தா பல் டாக்டரா வந்து வாங்கித் தருவாங்க?” என்றார் மாமியார். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “எனக்கு என்னம்மா தெரியும்? கிளிப்புன்னா துணிக்குத்தானேன்னு நெனச்சேன்.”

நிமிஷத்துக்குக் கோபம் வந்தது, அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு ஏற்பாடு. மாமியாருக்கு மரக் கிளிப்பில் தனிக் கூடை. விளக்கை அணைக்கும் முன் தினமும் சுவரைப் போனில் ஒரு படம். யார் எடுத்துக்கொண்டு போனாலும் நேரம் பறந்து போகாது.

மாதம் முடிந்தது. ஒவ்வொருவரும் கொடுத்த பணத்தில் அவர் கயிற்றுச் செலவைக் கழித்து, மீதியை அவர் தின்ற மணிநேரத்தால் வகுத்தாள். முதல் விடையை நம்பாமல் மறுபடி வகுத்தாள். சாப்பாட்டுக்கு மாமியார் கூப்பிட்டார். “ஒரு நிமிஷம்” என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

சோப்புக்காரர்தான் குடும்பத்துக்குப் படியளக்கிறார் என்று மூன்று வருடமாக நம்பியிருந்தாள். கயிறு வேறு கதை சொன்னது. பல் டாக்டரம்மா மாதத்துக்கு ஒரு சின்ன வேலைதான் கொடுப்பார், சந்திப்பு அட்டை, மருந்து உறை என்று. ஒரே போன், ஒரே திருத்தம், மறுநாள் பணம். மணிக்கு என்று பார்த்தால் அவர் கொடுத்ததில் கால்பங்குகூடச் சோப்புக்காரர் கொடுக்கவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அந்த டாக்டரம்மா தனக்குத் தெரிந்த கண் டாக்டரையும் தோல் டாக்டரையும் அனுப்பி வைத்தபோது, “நேரமே இல்லீங்க டாக்டர்” என்று திருப்பி அனுப்பியவள் இவள்தான். எதற்கு நேரமில்லை? பச்சையை நீலமாக்கவும் நீலத்தைப் பச்சையாக்கவும். உழுதவனுக்கு உழக்கு மிஞ்சாதது கணக்குப் பார்த்ததால் அல்ல, யார் வயலை உழுகிறோம் என்று பாராததால் என்று அவளுக்கு அன்று உறைத்தது. தன்மேலேயே அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, அந்த இரண்டு பேரின் எண்ணையும் வாங்கினாள். அடுத்த போன் சோப்புக்காரருக்கு.

“அண்ணா, இந்த மாசத்திலிருந்து ஒரு ஏற்பாடு. ஒரு டிசைனுக்கு ரெண்டு தடவை திருத்தம் சேர்த்திதான். மூணாவது தடவையிலிருந்து மணிக்கு இவ்வளவுன்னு தனியா பில் வரும். செலவும் தனி. மெசேஜும் போட்டிருக்கேன், பாருங்க.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “போடு தங்கச்சி, நல்லாப் போடு! தங்கச்சி போடாம வேற யாரு போடுவா!”

மெசேஜுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான் என்று அவருக்கு அப்போது தெரியாது. மாதம் முழுக்க வழக்கம்போலச் சின்ன மாற்றங்கள் வந்தபடி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நிமிஷம் சளைக்காமல் “சரி அண்ணா” என்றாள். டைமர் கிணுகிணுத்தது. அவர் கயிற்றில் பச்சை முடிந்து சிவப்பு தொடங்கியது, தொடங்கியது நிற்கவில்லை. கடையில் போய்ச் சிவப்புக் கிளிப் மட்டும் இரண்டு அட்டை வாங்க வேண்டியிருந்தது. கயிறு நடுவில் தொய்ந்தது.

மூன்றாவது மாதம் பிறந்ததும் பில்லை எழுதினாள். எழுதினது சுலபம், அனுப்புவதுதான் பாடு. அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் வருமானத்தில் பெரிய ஓட்டை. கண் டாக்டரும் தோல் டாக்டரும் இப்போதுதான் வந்திருக்கிறார்கள், அந்த ஓட்டையை அவர்களால் அடைக்க முடியாது. பழைய சீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அனுப்பாவிட்டாலும் அதே சீட்டுத்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாக. எப்படியும் போகிறதென்றால் கேட்டுவிட்டே போகலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். பதில் உடனே வந்தது: ‘நேரில் வருகிறேன் தங்கச்சி.’

வந்தார். வெள்ளைச் சட்டை, வாசல்வரை மணம். நிமிஷம் அப்போது கணினி முன்னால், பல் டாக்டரம்மாவோடு போனில் இருந்தாள். கையால் உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டீ கொண்டு வந்த மாமியார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் நிமிஷத்தின் ஒரு காதில் விழுந்தது. மறு காதில் டாக்டரம்மா பல்லின் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, மழையா? வீட்டுக்குள்ளயே கொடி கட்டியிருக்கீங்க?”

“துணிக்கு இல்லைங்க” என்றார் மாமியார். “என் மருமக நேரத்தைக் காயப்போட்டிருக்கா. ஒரு கிளிப்பு அரை மணி நேரம்.”

“அட! நல்ல ஐடியாவா இருக்கே.” அவர் எழுந்து போய்ப் பார்க்கும் சத்தம் கேட்டது. “பச்சை சரி. இந்த ஒரு கயிறு மட்டும் ஏம்மா செவசெவன்னு மொளகா காயப்போட்ட மாதிரி இருக்கு?”

“பேசினதுக்கு மேல வாங்கின வேலைங்க அது.”

“இவ்வளவுமா? அடப்பாவி! யாரும்மா அந்த ஆளு?”

“இருக்காரு ஒருத்தர். நல்ல மனுஷன்தான். பேச்செல்லாம் தேன்.”

“நல்ல மனுஷனாவது! பகல் கொள்ளைம்மா இது. இந்த மாதிரி ஆளு என் கம்பெனிப் பக்கம் வந்தா வாசல்லயே நிக்க வெச்சுடுவேன். தங்கச்சி வாயில்லாப் பூச்சி, அதான் ஏச்சிருக்கான். நம்பர் குடுங்க, நான் பேசறேன் அவன்கிட்ட.”

“டாக்டர், நீங்க சொல்லுங்க” என்று நிமிஷம் போனில் ஏதோ உளறினாள். ‘அத்தை, வேண்டாம்’ என்று கண்ணால் சொல்லத் திரும்பினாள். அத்தை அவள் பக்கமே பார்க்கவில்லை.

“நம்பர் உங்ககிட்டயே இருக்குங்க” என்று சொல்லி எழுந்து போய், மாமியார் கதவைச் சாத்தினார்.

கதவு நகர்ந்ததும் கயிறுகளின் முனை வெளியே வந்தது. சிவப்புக் கயிற்றின் முனையில் அவருடைய சோப்பு உறை, அந்தச் சிரிக்கிற நுரையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

நிமிஷம் டாக்டரம்மாவிடம் விடைபெற்று, போனை வைத்து, அது அவருடைய மூன்றாவது போன் என்பதால் அவர் கயிற்றில் ஒரு பச்சைக் கிளிப்பை மாட்டினாள். பிறகு வந்தவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

சோப்புக்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். “இந்த வெள்ளை என்னது?” என்று கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“அது என் தப்பு அண்ணா. நூறு கிராம்னு போடறதுக்குப் பதிலா நூறு கிலோன்னு போட்டுட்டேன். திருத்த ஆன நேரம். அதுக்கு உங்க பில்லுல காசு கிடையாது, பாருங்க.”

அவர் பில்லை எடுத்துப் பார்த்தார். கிடையாதுதான். முகம் கொஞ்சம் இளகியது, ஆனால் வியாபாரி வியாபாரிதானே. “தங்கச்சின்னு உரிமையா கேட்டேன். அதுக்குப் போய் இப்படிக் கிளிப்பு மாட்டி எண்ணிட்டியேம்மா.”

“தங்கச்சிதான் அண்ணா, அதுல மாத்தமே இல்லை. ஆனா அண்ணன் தங்கச்சிக்குக் குடுத்துதான் நான் கேள்விப்பட்டிருக்கேன். தங்கச்சி வருஷக்கணக்கா அண்ணனுக்குக் குடுத்துக்கிட்டே இருந்த கதை எங்கயும் கேட்டதில்லை.”

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதாங்க” என்றார் மாமியார் டீ டம்ளரை எடுத்தபடி.

“சரி, பாதி போட்டுக்குவோம்.”

“உங்க சோப்பைப் பாதி விலைக்குத் தருவீங்களா அண்ணா?”

“அது எப்படிம்மா முடியும்? எண்ணெய் என்ன விலை, ஆள் கூலி என்ன...” அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நிமிஷம் கயிற்றைக் காட்டினாள். “என் சரக்கு இதுதான். வேற எதுவும் என்கிட்ட இல்லை. முழுசாக் குடுக்கறது கஷ்டம்னா, இனிமே வேற ஆள் பாத்துக்கங்க. கோவமில்லை. எல்லா ஃபைலையும் அனுப்பி வெச்சுடறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் குரல் ஆடவில்லை. ஆறு வருடம் மூச்சைப் பிடித்தவள், மூன்று வருடம் “சரி அண்ணா” சொன்னவள், முதல் தடவையாகத் தன் உழைப்புக்கு இதுதான் விலை என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போனாலும் சரி, இனி அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கப் போவதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

அவர் எழுந்து போகவில்லை. கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, எண்ணுகிறார் போல. பிறகு தலையில் லேசாக அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “என் வாயாலயே பகல் கொள்ளைன்னு சொல்ல வெச்சுட்டீங்களேம்மா ரெண்டு பேரும்!” போனை எடுத்துத் தட்டினார். நிமிஷத்தின் போன் சிணுங்கியது. முழுத் தொகை, செலவோடு. “இனிமே என்ன மாத்தம்னாலும் யோசிச்சு, ஒரே தடவையா எழுதி அனுப்பறேன். என் வீட்டுக்காரிகிட்டயும் முன்னாடியே கேட்டுடறேன்.” வாசல்வரை போனவர் திரும்பி, “அந்தக் கயித்தை முதல்ல அவுத்து விடும்மா, பாக்கச் சகிக்கல” என்றார்.

அவர் போனதும் நிமிஷமும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு மாடிவரை கேட்டது. சிரித்துக்கொண்டே நிமிஷம் ஒவ்வொரு சிவப்பாகக் கழற்றிக் கூடையில் போட்டாள், மாமியார் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

மாதக் கடைசி வந்தது. கணவர் சுவர் முன்னால் நின்றார். மாத்திரை எண்ணிப் பழகிய விரல், கயிறு கயிறாகக் கிளிப்புகளைத் தள்ளித் தள்ளி எண்ணியது, சீட்டுகளையும் வந்த பணத்தையும் கூட்டியது. அவள் சொன்னால் நம்பியிருப்பார், ஆனாலும் எண்ணினார். அவருக்கும் அந்தச் சந்தோஷம் வேண்டியிருந்தது. பழைய சம்பளத்தைத் தாண்டி, வாடகை ஏறினதையும் தாண்டி, அதற்கு மேலும் நின்றது கணக்கு.

அவர் போனை எடுத்து, மாலை வேலை பார்க்கும் கடைக்காரரைக் கூப்பிட்டார். “அண்ணே, நாளையிலிருந்து சாயங்காலம் வேற ஆளைப் பாத்துக்கங்க” என்றார். வைத்துவிட்டுத் திரும்பியவரின் கண் கலங்கியிருந்தது. நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த மூன்று மாதத்தில் அவள் அழுதது அந்த ஒரு தடவைதான், அதுவும் நல்ல அழுகை.

மறுநாள் காலை பழைய மேலாளரே கூப்பிட்டார். ஆறு வருடமும் அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அவள் எப்போதும் ‘ஏம்மா’தான்.

“ஏம்மா, என்ன முடிவு பண்ணே? சீட்டை எவ்வளவு நாள் காலியா வெச்சிருக்கறது? மாசமானா சம்பளம், எட்டு மணி நேரம்தான் வேலை.”

“எட்டு மணி நேரம்னு யார் சார் எண்ணினாங்க?” என்றாள் நிமிஷம். “அப்ப எனக்கு எண்ணத் தெரியாது. அந்த சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார். நான் வரல.”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கி வந்தது. “அது வந்து... வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. பெட்டி டிசைன். இங்க இருக்கறவங்களுக்குக் கை வரல. வந்தவங்க அந்தப் பழைய பரிசுப் பெட்டியைக் காட்டி, இதைப் போட்டவங்கதான் வேணும்னு உக்காந்திருக்காங்க.”

“பண்ணலாம் சார். வீட்டிலிருந்து பண்ணுவேன். பெட்டியில என் பேர் வரணும். மணிக்கு இவ்வளவு, செலவு தனி, ரெண்டு தடவை திருத்தம் சேர்த்தி.” தொகையைச் சொன்னாள். டாக்டரம்மா கொடுப்பதைவிட ஒரு பிடி அதிகமாகவே சொன்னாள்.

நிமிஷத்துக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது. இப்போது அதை அவள் பிடித்து வைத்திருக்கவில்லை.

“சரிங்க மேடம்” என்றார் மேலாளர். “எப்ப ஆரம்பிப்பீங்க?”

அவள் கையை நீட்டி டைமரைத் திருகினாள்.

“ஆரம்பிச்சாச்சு சார்” என்றாள்.